4 டிபி டிஸ்க், 3.63 தான் காட்டுகிறது: ஆறு கார்டு எங்கே போயிற்று?

#1 முகூர்த்தக்_கேமரா

வணக்கம். காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். கணினியில் காப்பி, பேஸ்ட் வரைக்கும்தான் நம் படிப்பு, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

போன வாரம் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். வைகாசி, ஆனி முகூர்த்தங்களை எல்லாம் அதிலேயே அடக்கிவிடலாம் என்று எண்ணம். நோட்டில் கணக்கும் போட்டிருந்தேன். கார்டு 64 ஜிபி, டிஸ்க் 4000 ஜிபி, வகுத்தால் 62 கார்டு. வீட்டுக்கு வந்து செருகினால் விண்டோஸ் 3.63 டிபி என்கிறது. 3630-ஐ 64-ஆல் வகுத்தால் 56 தான் வருகிறது. இன்னும் ஒரு ஃபைல்கூடப் போடவில்லை, அதற்குள் ஆறு கார்டு காணோம். எனக்கு ஒரு கல்யாணத்துக்கு நாலு கார்டு ஓடும். அப்படியென்றால் ஒன்றரைக் கல்யாணம் காணவில்லை.

கடையில் கேட்டேன். "எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் சார் காட்டும்" என்றார்கள். இது ஒரு பதிலா?

#2 பாதிராத்திரி

ஃபார்மேட் செய்யும்போது டிஸ்க் கொஞ்சம் சாப்பிடும். வழக்கமானதுதான், விடுங்கள்.

#3 சர்வர்_அறை

பாதிராத்திரி, எல்லோரும் சொல்லும் காரணம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. ஃபார்மேட்டுக்குப் போவது இவ்வளவு பெரிய டிஸ்க்கில் கடுகளவு. 370 ஜிபியை எந்த ஃபார்மேட்டும் விழுங்காது.

முகூர்த்தக் கேமரா அண்ணா, ஒரு வேலை செய்யுங்கள். டிஸ்க் ஐகான்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் கெபாசிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். வலது ஓரத்தில் 3.63 டிபி. அதற்கு முன்னால் நீளமாக ஓர் எண் இருக்கும், அதில் எத்தனை இலக்கம், எதில் தொடங்குகிறது என்று சொல்லுங்கள்.

#4 முகூர்த்தக்_கேமரா

பதிமூன்று இலக்கம். 40,00 என்று தொடங்குகிறது. பைட்ஸ் என்று போட்டிருக்கிறது.

இன்னொரு குழப்பம். ஆல்பம் வடிவமைக்கும் அண்ணன் ஒருவர் மேக் வைத்திருக்கிறார். இதே டிஸ்க்கை அவரிடம் செருகினால் 4 டிபி என்று காட்டுகிறது! டிஸ்க் ஒன்று, ஒயர் ஒன்று. ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் கண் மங்கலா?

#5 சர்வர்_அறை

இரண்டுக்கும் கண் நன்றாகவே இருக்கிறது, அளக்கும் பாத்திரம்தான் வேறு.

பதிமூன்று இலக்கம், 40,00 என்று தொடங்குகிறது என்றால் 4 லட்சம் கோடி பைட். உங்களுக்கு விற்றதும் அதுதான். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட், ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழி. ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக்கொண்டே போவார்கள்.

விண்டோஸ் 1024, 1024 ஆகப் பெருக்கும். 1024-ஐ நான்கு முறை பெருக்கினால் 1,09,951 கோடி சொச்சம் வரும். விண்டோஸ் தன் 1 டிபி என்று சொல்வது இதைத்தான். 4 லட்சம் கோடியை 1.0995 லட்சம் கோடியால் வகுத்துப் பாருங்கள், 3.638 வரும். விண்டோஸ் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு 3.63 என்று காட்டுகிறது.

ஆப்பிள் 2009-இல் ஸ்னோ லெபர்ட் பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. அதனால்தான் மேக்கில் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணே வருகிறது. லினக்ஸ்காரர்களுக்கு இரண்டும் உண்டு. டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைக்குச் சிறிய எச் போட்டால் 1024 கணக்கு, பெரிய எச் போட்டால் 1000 கணக்கு. ஷிஃப்ட் அழுத்த மறந்ததால் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

அப்புறம் உங்கள் ஆறு கார்டு. அது தொலையவே இல்லை. கார்டை விண்டோஸில் செருகி அது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தீர்களா?

#6 முகூர்த்தக்_கேமரா

பார்த்தேன். 64 ஜிபி கார்டு 59.5 ஜிபி என்கிறது. இதிலுமா?

#7 சர்வர்_அறை

அதிலும்தான். நீங்கள் டிஸ்க்கை விண்டோஸ் அளவில் எடுத்துக்கொண்டு, கார்டை அட்டை அளவில் வைத்து வகுத்துவிட்டீர்கள். இரண்டையும் விண்டோஸ் அளவுக்கே கொண்டுவாருங்கள். 3.63-ஐ 1024-ஆல் பெருக்கினால் 3717 ஜிபி. அதை 59.5-ஆல் வகுத்தால் 62. இரண்டையும் அட்டை அளவில் வைத்தாலும் 4000-ஐ 64-ஆல் வகுத்து அதே 62.

இன்னொரு சின்னத் தவறும் நடந்திருக்கிறது. 3.63 டிபியை 3630 ஜிபி என்று எழுதினீர்கள். விண்டோஸ் அளவில் டிபியிலிருந்து ஜிபிக்கு இறங்கும்போதும் 1024 தான், 1000 இல்லை. பலர் சறுக்கும் இடம் இது.

#8 கணக்குப்பிள்ளை

பேரன் இந்த இழையைக் காட்டினான். படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற ஆள், கணினி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தச் சண்டை தெரியும்.

நம் முகத்தலளவையைப் பாருங்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி, அதுதான் படி. ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு. பேரன் சொல்கிறான், ஒரு பைட்டுக்கு 8 பிட்டாமே! அப்புறம் 8 நாழி 1 குறுணி என்கிற மரக்கால். 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. கணக்குப் போட்டால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. இந்த 256 கணினிக்காரர்களுக்குப் பழகிய எண் என்றும் அவனே சொன்னான். இரட்டித்து இரட்டித்து வந்த இந்த வரிசை கலத்தில்தான் உடைகிறது, 3 தூணி 1 கலம்.

எங்கள் ஊரில் சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு உண்டு. வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சின்னப் படி என்று ஒரு வியாபாரிக்குப் பெயரே இருந்தது. இரண்டுக்கும் பெயர் படிதான். எந்தப் படி என்று கேட்காமல் பேரம் பேசினவன் அசடு.

இதைப் பழங்காலத்து ஆட்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் நெல் அளவு வரும் இடங்களில், ராஜகேசரி என்ற அளவோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெறும் மரக்கால் என்று விட்டுவிடவில்லை. எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி, அது எதற்குச் சமம் என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் விண்டோஸ்காரர் இதில் பாதியாவது செய்திருக்கலாம்.

#9 சர்வர்_அறை

ஐயா, இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆழாக்கைப் பிட் ஆக்கிவிட்டீர்கள்!

#10 செம்மண்

எல்லாம் சரி, ஆனால் ஏமாற்று ஏமாற்றுதான். கணினி இரும எண்ணில் இயங்குகிறது, அதற்கு 1024 தான் இயல்பு. நினைவகம் (ரேம்) வாங்கினால் 8 ஜிபி என்று சரியாகக் காட்டுகிறதே? டிஸ்க் விற்பவன் மட்டும் 1000 கணக்குக்கு எதற்குப் போனான்? எண் பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க் பெருக்கப் பெருக்க வித்தியாசமும் பெருகுகிறது, அது அவனுக்கு வசதி.

#11 ஓட்டைப்_பிளாப்பி

செம்மண், நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரி சரி. கேபியில் வித்தியாசம் 2.4 சதவீதம், எம்பியில் 4.9, ஜிபியில் 7.4, டிபியில் கிட்டத்தட்ட 10. ஒவ்வொரு படியிலும் இன்னொரு 1.024 சேர்ந்து பெருகுவதால் ஏறுகிறது. கேபி காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, டிபி காலத்தில் உறைக்கிறது.

மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நினைவகச் சில்லில் முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிக்கும். பத்துக் கம்பி என்றால் 1024 இடம். அங்கே இரண்டின் அடுக்கு தானாக வந்து விழுகிறது. டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எத்தனை தட்டு, எத்தனை தடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 1956-இல் ஐபிஎம் விட்ட முதல் வணிக ஹார்ட் டிஸ்க், ராமாக் என்ற கணினியோடு வந்தது, ஐம்பது தட்டு, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அப்போதே பதின்மக் கணக்குதான், யாரையும் ஏமாற்ற அல்ல. கிலோ என்றால் ஆயிரம் என்பது 1795-இல் பிரான்சில் மெட்ரிக் முறையோடு வந்தது. 1024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தப் பெயரைக் கடன் வாங்கியவர்கள் நம் கணினிக்காரர்கள்தான்.

கடன் வாங்கியதிலும் ஒழுங்கு இல்லை. 1.44 எம்பி பிளாப்பி ஞாபகம் இருக்கிறதா? அதில் 14,74,560 பைட். 1000 கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. அப்போ 1.44 எங்கிருந்து வந்தது? 1024 பைட் கொண்ட கேபி 1440 இருக்கிறது. அதை ஆயிரத்தால் வகுத்து 1.44 என்று அச்சடித்துவிட்டார்கள். பாதிப் படி இருமம், பாதிப் படி பதின்மம். கணக்குப்பிள்ளை ஐயா இதை எந்த மரக்காலில் சேர்ப்பார் தெரியவில்லை.

700 எம்பி சிடி 1024 கணக்கு. 4.7 ஜிபி டிவிடி 1000 கணக்கு. நான் சிடி, டிவிடி எழுதிக்கொடுக்கும் கடை வைத்திருந்த காலத்தில் விண்டோஸில் 4.5 ஜிபி காட்டும் படத்தை டிவிடியில் எழுதப் போய் எத்தனை வெற்று டிவிடி பாழாயிற்று என்று கேட்காதீர்கள். விண்டோஸ் கணக்கில் அதில் 4.37 தான் பிடிக்கும். கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டினேன்.

#12 செம்மண்

சரி, வரலாறு புரிகிறது. ஆனால் வாங்குபவனுக்கு வரலாறு எதற்கு? பெட்டிமேல் பெரிய எழுத்தில் 4 டிபி, கடுகு எழுத்தில் விளக்கம். என் கருத்து மாறவில்லை.

#13 சர்வர்_அறை

அந்தக் கடுகு எழுத்து வந்ததற்குக் காரணமே உங்களைப் போன்றவர்கள்தான் செம்மண். அமெரிக்காவில் இதற்காக வழக்கே போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-இல் சமரசத்துக்கு வந்தது, வாங்கியவர்களுக்கு பேக்அப் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு சீகேட்டும் சமரசம் செய்தது. காணாமல் போன இடத்துக்குப் பதிலாக, இருக்கிற இடத்தை நிரப்ப ஒரு மென்பொருள்!

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவும் முயன்றார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் வைத்தது. கிபிபைட், மெபிபைட், கிபிபைட், டெபிபைட். விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணக்கு டெபியில், பெயர் டெராவில்.

#14 பாதிராத்திரி

கிபிபைட் இரண்டு முறை வந்துவிட்டது பாருங்கள்.

#15 சர்வர்_அறை

இல்லை, முதலாவது கேபிக்கு, மூன்றாவது ஜிபிக்கு. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் கிபிதான்!

#16 ஓட்டைப்_பிளாப்பி

கூடவே கி.பி. வேறு இருக்கிறது. கி.பி. 1998-இல் கிபியும் கிபியும் வந்தன. தமிழில் இந்தத் தீர்வு பலிக்காது. இருமம், பதின்மம் என்று முன்னால் போட்டுவிட்டால் போதாதா? 4 பதின்ம டிபி, 3.63 இரும டிபி.

#17 கணக்குப்பிள்ளை

சின்னப் படி, பெரிய படியே போதும் என்பேன். பத்து எழுத்தில் இருப்பதை நாலு எழுத்தில் சொல்லத் தெரியாதா?

#18 முகூர்த்தக்_கேமரா

பெரியவர்களே, இன்னொரு சந்தேகம். கார்டுகளை இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம் என்று பார்த்தேன். இணையத் திட்டத்தில் அப்லோட் வேகம் 40 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. 64,000-ஐ 40-ஆல் வகுத்தால் 1600 நொடி, அரை மணிக்குள் ஒரு கார்டு ஏறிவிட வேண்டும். நேற்று ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன், மூன்று மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதிலும் 1024 தானா?

#19 சர்வர்_அறை

இது வேறு. இங்கே வித்தியாசம் எட்டு மடங்கு.

இணைய வேகத்தில் வரும் எம்பி, மெகாபிட். ஃபைலில் வரும் எம்பி, மெகாபைட். ஐயா கணக்கில் சொன்னால் ஒன்று ஆழாக்கு, ஒன்று படி. ஆங்கிலத்தில் சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் போய்விடுகிறது.

40 மெகாபிட் என்றால் நொடிக்கு 5 மெகாபைட். 64,000-ஐ 5-ஆல் வகுத்தால் 12,800 நொடி, மூன்றரை மணி நேரம். அதுவும் லைன் கொஞ்சமும் தொய்யாமல் ஓடினால். நாலு கார்டு கல்யாணத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல். ஆகவே ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முடியும். தொலைத்தொடர்பில் எப்போதும் ஆயிரக் கணக்குதான், 1024 தலைகாட்டாது.

உங்கள் கேமராவிலும் இதே பிட் கணக்கு இருக்கிறது. 4கே பதிவில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

#20 முகூர்த்தக்_கேமரா

100 எம் என்று இருக்கும். ஒரு கார்டு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் தாங்கும், அது கை கண்ட அனுபவம். தாலி கட்டும் நேரத்தில் கார்டு நிரம்பக் கூடாது என்பதற்காக முன்னதாகவே மாற்றிவிடுவேன்.

#21 சர்வர்_அறை

பாருங்கள், அந்த 100 எம் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். 64,000-ஐ 12.5-ஆல் வகுத்தால் 5120 நொடி. 85 நிமிடம். நீங்கள் கையால் கண்டது கணக்கிலும் வருகிறது. ஒரு மணி நேர வீடியோ 45 ஜிபி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#22 பாதிராத்திரி

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் ஆன்லைனில் 16 டிபி பென் டிரைவ் ஒன்று கொள்ளை மலிவாக வந்தது, வாங்கிவிட்டேன். செருகினால் 16 டிபி என்றே காட்டியது. ஃபைல்களும் ஏறின. பிறகு திறந்தால் புதிதாக ஏற்றிய எதுவும் திறக்கவில்லை, பெயர் மட்டும் இருந்தது. உள்ளே 64 ஜிபி சில்லாம். அதற்கும் இந்த 1024 தான் காரணமோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#23 ஓட்டைப்_பிளாப்பி

ஐயோ. அது அப்பட்டமான மோசடி. டிரைவ் தன் கொள்ளளவு பற்றிப் பொய் சொல்லும்படி உள்நிரலை மாற்றி வைப்பார்கள். இடம் தீர்ந்ததும் புதிய தரவைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதாமலே எழுதியதாகச் சொல்லும்.

விண்டோஸ் ஜிபியில் காட்டும்போது 7 சதவீதம், டிபியில் காட்டும்போது 9 சதவீதம் குறைந்தால் அது இந்த 1024 கணக்குதான், அதோடு விட்டுவிடலாம். 500 ஜிபி போட்டால் 465 ஜிபி, 1 டிபி போட்டால் 931 ஜிபி, 2 டிபி போட்டால் 1.81 டிபி. பொய் டிரைவ் பெரும்பாலும் குறைவாகக் காட்டாது, காட்டும் எண்ணைப் பார்த்து நம்பவும் கூடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸில் எஃப்3. டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நேரமாகும், ஆனால் கல்யாண வீடியோ வைக்கிறவர்கள் புது கார்டு எதுவாக இருந்தாலும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது.

#24 மல்லிகைப்பந்தல்

குறுக்கே வருகிறேன். இதே கணக்கில் தமிழுக்கும் ஒரு வரிச்சுமை உண்டு, தெரியுமா? எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறிக்கு 3. தமிழ் என்ற சொல் திரையில் மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே சொல் 5 பைட். எஸ்எம்எஸ்ஸிலும் அப்படித்தான். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தில் 7 பிட் வீதம் 160 எழுத்து போகும், தமிழில் 16 பிட் வீதம் 70 குறி. கல்யாண அழைப்பைத் தமிழில் அனுப்பியதற்கு இரண்டு மூன்று செய்தியாகக் காசு போனது இதனால்தான்.

#25 ஓட்டைப்_பிளாப்பி

பழைய 8 பிட் எழுத்துருக்களில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான், ஆனால் எதிராளியிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் ஒன்றும் படிக்க முடியாது. 3 பைட் கொடுத்தாலும் பரவாயில்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, நிறையப் பேசலாம்.

#26 முகூர்த்தக்_கேமரா

எல்லோருக்கும் நன்றி. இன்று முழு டிஸ்க்கையும் சோதனை ஓட்டினேன், தப்பில்லாமல் முடிந்தது. கடைக்காரர்மேல் கோபம் போய்விட்டது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது.

ஆல்பம் அண்ணனிடமும் பேசினேன். அவர் 900 ஜிபி மிச்சம் என்பார், நான் 838 என்பேன், போன வருடம் இதற்காக ஒரு தடவை வாய்த்தகராறே ஆனது. இனிமேல் இருவரும் டிஸ்க்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதாக முடிவு. முதல் ஸ்டிக்கர் எழுதிவிட்டேன்:

விண்டோஸ் படி 3,725. மேக் படி 4,000. கார்டு 62.

#27 கணக்குப்பிள்ளை

இதுதான் கல்வெட்டு. படி என்று எழுதினீர்களே, தெரிந்தே எழுதினீர்களா?

#28 முகூர்த்தக்_கேமரா

இல்லை ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் பார்க்கிறேன்! சரி, தை மாதத்துக்கு 8 டிபி வாங்கலாம் என்று இருக்கிறேன். ஸ்டிக்கரில் என்ன எழுத?

#29 செம்மண்

விண்டோஸ் படி 7,450. நானே கணக்குப் போட்டேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.